நகல் எடுத்தால் கை வருமா? – வாசகர் கேள்வி, ஓவியர் பதில்

ஆயில் பெயின்டிங் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொன்னதும் வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. பழைய மேதைகளின் போர்ட்ரெய்ட் ஒன்றைப் பார்த்து வரைந்து கற்றுக்கொள்ளலாமா, எதை எடுப்பது, பாதியில் நிற்கிறதே என்ன செய்ய. அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் வைத்திருப்பது பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’. எனவே பதில்களும் அவளைச் சுற்றியேதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், பென்சில், வாட்டர்கலர் இரண்டும் ஓரளவு பழகிவிட்டன. ஆயிலுக்கு மாறலாம் என்று வெர்மீரின் ஓவியத்தை அப்படியே வரையத் தொடங்கினேன். கூடப் படித்த நண்பன், “ஈயடிச்சான் காப்பி அடித்து என்ன சாதிக்கப் போகிறாய், சொந்தமாக ஏதாவது வரை” என்கிறான். அவன் சொல்வது சரியா?

நண்பரிடம் ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். 1628இல் அவர் மாட்ரிட் போனபோது வயது 51. ஐரோப்பிய அரசர்கள் அவர் ஓவியத்துக்குக் காத்துக்கிடந்த காலம். சொந்தமாக வரையத் தெரியாத ஆள் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. அவர் அங்கே செய்த வேலைகளில் ஒன்று, அரண்மனையில் இருந்த, இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘ஆதாமும் ஏவாளும்’ ஓவியத்தை நகல் எடுத்தது. எடுக்கும்போதே ஆதாம் உட்கார்ந்திருக்கும் விதத்தை மாற்றினார், மரத்தில் ஒரு கிளியையும் ஏற்றிவிட்டார். மூலம், நகல் இரண்டுமே இன்று மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் இருக்கின்றன. அமெரிக்க ஓவியர் சார்ஜன்ட் தன் 23 வயதில், 1879இல், அதே பிராடோவில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸை நகல் எடுத்தார், அடுத்த வருடம் நெதர்லாந்தின் ஹார்லெமுக்குப் போய் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸை எடுத்தார். பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இன்றைக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு ஈசலை (ஓவியம் வைக்கும் தாங்கி) நிறுத்தி நகல் எடுக்கிறார்கள்.

காரணம் சுலபம்தான். ஒரு ஆளை எதிரே உட்காரவைத்து வரையும்போது எல்லாத் தலைவலியும் ஒரே நேரத்தில் வரும். வெளிச்சம் நகரும், அவர் கழுத்தைத் திருப்புவார், பின்னணி என்ன நிறம் என்று யோசிக்க வேண்டும், எந்தச் சுருக்கத்தை வரைவது எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும், இதற்கு நடுவில் இதுவரை கையாளாத பெயின்ட் வேறு பேலட்டில் (கலர் கலக்கும் தட்டு) வழுக்கிக்கொண்டிருக்கும். நகல் எடுக்கும்போது முடிவுகளை எல்லாம் வேறு ஒருவர் எடுத்து முடித்துவிட்டார். நமக்கு மிச்சம், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டே கண்டுபிடிப்பது. அதைச் செய்யாமல் இஞ்ச் இஞ்ச்சாக மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டு போனால் உங்கள் நண்பர் சொன்னது சரிதான், அது ஈயடிச்சான் காப்பிதான். இங்கே ஏன் இந்தக் கோடு மங்குகிறது, இங்கே ஏன் பெயின்ட் தடியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனீர்களானால் எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

கேள்வி: என் ஆசை மோனா லிசா. முதல் ஆயில் போர்ட்ரெய்ட்டுக்கு அது சரிப்படுமா?

சரிப்படாது. ஆசையைக் கெடுக்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த முகத்தில் நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் இடமே கண்ணுக்குப் படாது, கண்ணாடிபோல் மெல்லிய பூச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி அந்த மயக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார் லியோனார்டோ. பிரஷ் போன தடமே தெரியாத ஓவியத்திலிருந்து பிரஷ் பிடிக்க எப்படிக் கற்றுக்கொள்வது? அதோடு, இன்று நாம் பார்க்கும் மஞ்சள்-பழுப்பு நிறத்தில் பெரும்பகுதி காலத்தால் மங்கிய வார்னிஷ். அதைப் பார்த்து வரைந்தால் லியோனார்டோவின் நிறத்தை விட்டுவிட்டு வார்னிஷின் நிறத்தைத்தான் கலந்துகொண்டிருப்பீர்கள்.

இதற்குச் சாட்சியாகப் பிராடோவிலேயே ஒரு மோனா லிசா நகல் இருக்கிறது. அதன் பின்னணி முழுக்கக் கறுப்புப் பெயின்ட் பூசி மறைக்கப்பட்டிருந்தது. அதை நீக்கிச் சுத்தம் செய்து 2012இல் காட்டியபோது பின்னால் மலையும் ஆறும், முகத்தில் புருவம், சட்டைக் கையில் பளிச்சென்ற சிவப்பு. இன்ஃப்ராரெட் படத்தில் பார்த்தால், லியோனார்டோ அடியில் எங்கெல்லாம் திருத்தினாரோ அங்கெல்லாம் நகலிலும் திருத்தம். அதாவது பட்டறையில் இருந்த சீடர் ஒருவர் குரு வரைய வரையப் பக்கத்திலேயே வரைந்திருக்கிறார். அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லை.

முதல் நகலுக்கு நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஒரே தலை, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம், இருண்ட பின்னணி, கை விரல்கள் படத்தில் இல்லாமல் இருந்தால் உத்தமம். வெர்மீரின் பெண் இதற்கெல்லாம் பொருந்துகிறாள். இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் வெலாஸ்கெஸ் 1650இல் ரோமில் வரைந்த ஹுவான் டி பரேஹாவின் தலையை மட்டும் எடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. சாம்பலும் பழுப்பும்தான் மொத்த நிறமே, ஆனாலும் அந்த முகத்தில் ரத்தம் ஓடுகிறது. (பரேஹா அப்போது வெலாஸ்கெஸுக்கு அடிமை. அதே வருடம் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டு, பின்னால் தானும் ஓவியராக வாழ்ந்தவர்.) ஃபிரான்ஸ் ஹால்ஸ் பார்க்கச் சுலபமாக இருப்பார், நம்பி இறங்காதீர்கள். நாலு வீச்சில் போட்டதுபோல் தெரியும் அந்தத் தடங்களுக்குப் பின்னால் எவ்வளவு நிதானம் இருக்கிறது என்பது நாம் போட்டுப் பார்க்கும்போதுதான் புரியும்.

கேள்வி: படத்தை டிரேஸ் எடுத்துவிட்டுப் பெயின்ட் செய்வது ஏமாற்று வேலையா?

எதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத்தான் இந்த நகல் என்றால் தாராளமாக டிரேஸ் எடுங்கள், கட்டம் போடுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் டிரேஸ் எடுத்த கோடு முதல் பூச்சிலேயே மறைந்துவிடும். அப்புறம் கண்ணும் மூக்கும் நகர ஆரம்பிக்கும்போது அதைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவர வரையத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் என் சிபாரிசு: நாலைந்து முக்கியப் புள்ளிகளை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு (தலைக்கட்டின் உச்சி, தாடை நுனி, இரண்டு கண்களின் உள்மூலை, வாயின் நடுக்கோடு) மற்றதைக் கண்ணால் பார்த்து நீர்த்த பர்ன்ட் அம்பரில் (அடர் பழுப்பு நிறம்) பிரஷ்ஷாலேயே வரையுங்கள். தப்பானால் துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம்.

கேள்வி: எல்லாம் அளந்துதான் வரைந்தேன். கண், மூக்கு, உதடு தனித்தனியாகப் பார்த்தால் அச்சாக இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் அவளுடைய அக்கா மாதிரி இருக்கிறது. முகம் நீளமாகத் தெரிகிறது. எங்கே தவறு?

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: “50க்கு 40 கேன்வாஸ் வாங்கினேன்.” மூல ஓவியம் 44.5 சென்டிமீட்டர் உயரம், 39 அகலம். கிட்டத்தட்டச் சதுரத்துக்குப் பக்கத்தில் வரும். உங்கள் கேன்வாஸோ அதைவிட ஒல்லி. படத்தின் நாலு மூலையையும் கேன்வாஸின் நாலு மூலைக்குப் பொருத்திக் கட்டம் போட்டிருந்தால் ஒவ்வொரு கட்டமும் உயரவாக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுபட்டிருக்கும். அக்கா வந்தது அப்படித்தான். நல்ல செய்தி, உங்கள் கேன்வாஸுக்குள் அசல் அளவே அடங்கும். 44.5க்கு 39 செவ்வகம் ஒன்றை உள்ளே போட்டு, மேலேயும் கீழேயும் மிஞ்சும் பட்டையை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டை கலர் சோதித்துப் பார்க்கவும் உதவும்.

அளவு சரியாக இருந்தும் ஜாடை வரவில்லை என்று எழுதியவர்களுக்கு: நகலையும் மூலப் படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், கண்ணாடியில் பாருங்கள். முகம் என்ற நினைப்பு போய்விட்டால் வெறும் வடிவங்கள்தான் மிஞ்சும், எது வீங்கியிருக்கிறது எது சரிந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் தப்பு தூரத்துக் கண்ணில் இருக்கும். அவள் தலையைத் திருப்பியிருக்கிறாள், அந்தப் பக்கத்துக் கண் மூக்குக்குப் பின்னால் ஒதுங்கிக் குறுகித்தான் தெரியும். ஆனால் நம் மனசு இரண்டு கண்ணும் ஒரே அளவு என்று அடம்பிடிக்கும், கையும் அதன் பேச்சைக் கேட்டு அந்தக் கண்ணை அகலமாக்கிவிடும்.

இன்னொன்று, மனசு தளர வேண்டாம். 2018இல், அவள் இருக்கும் ஹேக் நகர மௌரிட்ஸ்ஹௌஸ் மியூசியத்தில் அந்த ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி நவீனக் கருவிகளால் ஆராய்ந்தார்கள். வெர்மீரே காதை இடம் மாற்றியிருக்கிறார், தலைக்கட்டின் உச்சியை நகர்த்தியிருக்கிறார், பின்கழுத்தின் கோட்டையும் திருத்தியிருக்கிறார்.

கேள்வி: என்னென்ன கலர் டியூப் வேண்டும்? கடையில் நாற்பது வகை காட்டுகிறார்கள்.

முகத்துக்கு நாலு போதும். டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட் (வெளிர் சிவப்பு வகை), ஐவரி பிளாக். ஸ்வீடன் ஓவியர் ஆண்டெர்ஸ் சோர்ன் பெயரால் இந்தக் கூட்டணியைச் சொல்வார்கள். அவர் காட்மியத்துக்குப் பதில் வெர்மிலியனும், டைட்டானியத்துக்குப் பதில் ஈய வெள்ளையும் வைத்திருந்தார். ஈய வெள்ளை விஷம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைக்கவே வேண்டாம். நீலம் இல்லையே என்று பதறாதீர்கள். ஐவரி பிளாக்கோடு வெள்ளை கலந்தால் வரும் சாம்பல், சுற்றிலும் சிவப்பும் மஞ்சளும் இருக்கும்போது நீலமாகவே தெரியும்.

வெர்மீரின் பெண்ணுக்கு மட்டும் தலைக்கட்டுக்காக அல்ட்ராமரின் புளூ ஒன்று சேருங்கள். அவர் பயன்படுத்தியது லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுத்த அசல் அல்ட்ராமரின், ஆப்கானிஸ்தானிலிருந்து ஐரோப்பா வரை பயணம் செய்து வந்த கல். நம் டியூபில் இருப்பது செயற்கை, அதுவே தாராளம். அடிக்கோடு போடவும் முதல் நிழலுக்கும் பர்ன்ட் அம்பர். ஆக ஆறு.

கேள்வி: தோல் நிறம் மட்டும் எப்படிக் கலந்தாலும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வருகிறது. இல்லாவிட்டால் சேறாகிவிடுகிறது. ஒரு மாதமாக இதே பாடு. கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இந்த இதழின் பாதிக் கடிதம் இதுதான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

சுண்ணாம்பு ஏன் வருகிறது? வெளிச்சம் கூட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் வெள்ளையை மட்டும் சேர்க்கிறீர்கள். டைட்டானியம் ஒயிட் நிறத்தை வெளுப்பாக்குவதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும், கொஞ்சம் விட்டாலும் மற்ற நிறத்தை விழுங்கிவிடும். வெள்ளை சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் பிரஷ் நுனியில் ஆக்கர் கொஞ்சம், சிவப்பு அதைவிடக் கொஞ்சம் சேர்ந்தே போக வேண்டும். சேறு ஏன் வருகிறது? கேன்வாஸின் மேலேயே கலக்கிறீர்கள். நிழலைப் போட்டு, காய்வதற்கு முன் மேலே வெளிச்சத்தைப் போட்டு, சரியில்லை என்று மறுபடி நிழலை இழுத்து, இப்படி நாலு முறை போனால் எந்த நிறமும் சேறுதான்.

மருந்து பேலட் நைஃப்பில் (கலர் கலக்கும் மழுங்கல் கத்தி) இருக்கிறது. வரைய உட்காரும் முன்பே மூன்று குவியல் கலந்து வையுங்கள்: வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, நடுவில் இருப்பதற்கு ஒன்று. கலந்ததைப் படத்தின் பிரிண்ட் பக்கத்தில் நைஃப் நுனியில் எடுத்து வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் நிறம் அடங்கி, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். அது பொருந்திவிட்டால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் முகம் முகமாகவே இருக்கும். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு அருமையான ரோஜா நிறம் கலந்தாலும் ஒட்டாது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் நிறத்தைத் துரத்துகிறார்கள், எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சலே உண்டு. முதல் பூச்சை வெறும் பர்ன்ட் அம்பரும் வெள்ளையும் வைத்து, கறுப்பு-வெள்ளைப் போட்டோ மாதிரி முடித்துப் பாருங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் கேட்பதே இல்லை.

நடுக் குவியலைக் கவனமாகக் கலங்கள். வெளிச்சம் நிழலாக மாறும் அந்தத் திருப்பத்தில்தான் தோலின் நிறம் அதிகம் தெரியும். பளிச்சென்று வெளிச்சம் விழும் இடத்தில் நிறம் வெளுத்துவிடும், ஆழ்ந்த நிழலில் அடங்கிவிடும். நடுவில்தான் சிவப்பும் மஞ்சளும் உயிரோடு இருக்கும். பொதுவாக நெற்றி மஞ்சள் பக்கம் சாயும், கன்னமும் மூக்கு நுனியும் காதும் சிவப்புப் பக்கம், தாடை சாம்பல் பக்கம். ரொம்ப மெல்லிய வித்தியாசம், மிகைப்படுத்தினால் வேஷம் போட்டதுபோல் ஆகிவிடும்.

இப்போது வெர்மீரின் பெண்ணின் மூக்கைப் பாருங்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள், இன்டர்நெட்டில் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவான படம் இருக்கிறது. மூக்குத்தண்டுக்கும் அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கும் இடையில் எல்லைக்கோடு எங்கே? இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம், ஒரே நிறம், ஒன்றோடு ஒன்று கரைந்துவிடுகின்றன. எனக்கு வந்த நகல்களின் போட்டோக்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அங்கே ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. மூக்கு என்றால் ஓரம் இருந்தாக வேண்டும் என்று கை தானாகப் போட்ட கோடு. அதைத் துடைத்துவிட்டு, நெற்றி, மூக்கின் நிழல்பக்கம், நாசித்துவாரம், கன்னத்தின் வெளியோரம் இவை மட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீதியைப் பார்க்கிறவர் கண் போட்டுக்கொள்ளும்.

முத்தும் அப்படியே. வட்டம் வரைந்து உள்ளே சாம்பல் நிரப்பி ஷேடு கொடுத்திருக்கிறீர்கள் பலர். மூலத்தில் வட்டமே கிடையாது. இடது மேற்பக்கம் தடியாக ஒரு வெள்ளைத் தொடுகை, கீழே காலரின் வெள்ளை பிரதிபலிக்கும் மங்கலான ஒரு பூச்சு, இடையில் கழுத்தின் நிழல். காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை. மேலே உள்ள வெள்ளையைப் பிரஷ் நிறைய எடுத்து ஒரே தடவை வைத்துவிட்டுக் கையை எடுங்கள். இரண்டாவது முறை தொட்டால் போச்சு. சரியாக வரவில்லையா, நைஃப்பால் வழித்துவிட்டு மறுபடி வையுங்கள், மேலே மேலே தடவாதீர்கள்.

கேள்வி: எதை முதலில் வரைவது? நான் கண்ணிலிருந்து தொடங்கினேன்.

கண்ணிலிருந்து தொடங்கினால் கண்தான் முடியும். வெர்மீரின் வரிசை அந்த 2018 ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறது. முதலில் பழுப்பு, கறுப்பு நிறங்களில் அகலமான பிரஷ்ஷால் ஒளி நிழலைப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் பின்னணி, முகத்தின் தோல், பிறகு மஞ்சள் மேல்சட்டை, வெள்ளைக் காலர், தலைக்கட்டு, கடைசியில் முத்து. பின்னாலிருந்து முன்னால். அதையே பின்பற்றுங்கள், வேறு வரிசை யோசிக்கத் தேவையில்லை. கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளி, உதட்டின் ஈரம் எல்லாம் முகம் முழுக்க முடிந்தபின் வைக்க வேண்டியவை. முன்கூட்டி வைத்தால் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும்.

கேள்வி: பின்னணி கறுப்பு இல்லை, பச்சைத் திரை என்று எங்கோ படித்தேன். நான் எதை வரைவது?

படித்தது சரி. கறுப்பு அடிப்பூச்சின் மேல், இண்டிகோ நீலத்தையும் வெல்ட் என்ற செடியிலிருந்து எடுத்த மஞ்சளையும் கலந்து பளபளப்பான பச்சை கிளேஸ் (அடிநிறம் தெரியும் மெல்லிய பூச்சு) ஒன்றைப் பூசியிருந்தார். இரண்டும் வெளிச்சத்தில் மங்கும் சாயங்கள், மங்கிவிட்டன. மேல் வலது மூலையில் திரையின் மடிப்பும் இருந்திருக்கிறது. கண்ணிமை முடிகள்கூட வரையப்பட்டிருந்தன, இன்று வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் பச்சையைத்தான் வரையுங்கள் என்பேன். பின்னணி முழுக்க அம்பரும் அல்ட்ராமரினும் கலந்த இருட்டைப் பூசி நன்றாகக் காயவிட்டு, மேலே நிறைய லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கலந்த நீலமும் கொஞ்சம் ஆக்கரும் மெல்லிசாக இழுங்கள். இருட்டின் மேல் கலர் கண்ணாடித்தாளை விரித்ததுபோல் ஒரு ஆழம் வரும். டியூபிலிருந்து நேராக எடுத்த கறுப்பில் அது வராது. முகத்தின் சிவப்பு எவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது என்பதையும் அப்போது பார்ப்பீர்கள். கிளேஸ் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த ஓவியத்தில் இல்லை, கெட்டாலும் பின்னணிதானே.

கேள்வி: பூசி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? என் படத்தில் தலைக்கட்டுப் பகுதி சுருங்கிப்போய் வெடிப்பு விடுகிறது. துடைத்த துணிகள் வேறு குவிந்துவிட்டன.

ஆயில் பெயின்ட் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் மெல்லிய அம்பர் பூச்சு ஓரிரு நாளில் தொடும்படி ஆகிவிடும். தடியான டைட்டானியம் ஒயிட்டோ ஐவரி பிளாக்கோ ஒரு வாரம், அதற்கு மேலும் இழுக்கும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் காத்திருங்கள்.

வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் வரிசை தலைகீழாகப் போனது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, டர்பன்டைன் கலந்து இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். அடியில் எண்ணெய் நிறைந்த தடிப் பூச்சு இருந்து, அதன் மேல் சீக்கிரம் காயும் நீர்த்த பூச்சு போனால், மேலே இருப்பது இறுகிய பிறகும் கீழே இருப்பது அசைந்துகொண்டிருக்கும். பிளக்காமல் என்ன செய்யும்? சுருக்கம் வந்திருந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிவிட்டது. அந்த இடத்தை நைஃப்பால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. முடித்த படத்துக்கு வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

துணி விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லின்சீட் ஆயில் இறுகும்போது சூடு வெளிவரும். கசக்கிக் குவித்து வைத்த துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஏறி, நெருப்பில்லாமலே தானாகத் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே உலரவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வையுங்கள். அந்தக் குவியலை இந்தப் பதிலைப் படித்தவுடன் கவனியுங்கள், ஓவியம் அப்புறம்.

கேள்வி: மொபைலைப் பார்த்து வரையலாமா, பிரிண்ட் எடுக்க வேண்டுமா?

இரண்டும். வெளிச்சம்-இருட்டை ஒப்பிட நல்ல பிரிண்ட், நுணுக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் திரை. திரை தானே ஒளி வீசுவதால் அதன் பளிச்சை எந்தப் பெயின்ட்டாலும் எட்ட முடியாது, துரத்திக்கொண்டு போனால் மறுபடி சுண்ணாம்புதான். கிடைத்த முதல் படத்தை எடுக்காமல் மியூசியத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். ஒரே ஓவியம் பத்து இடத்தில் பத்து நிறத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: முடித்த நகலை விற்கலாமா? கையெழுத்து யாருடையதைப் போடுவது?

1675இல் இறந்தவருக்கு இன்று காப்புரிமை கிடையாது, விற்கலாம். கையெழுத்து உங்களுடையது. பின்பக்கம் ‘வெர்மீரைப் பார்த்து வரைந்தது’ என்று தேதியோடு எழுதிவிடுங்கள். அவர் கையெழுத்தையும் சேர்த்து நகல் எடுத்தால் அது வேறு தொழில். லூவ்ரில் நகல் எடுப்பவர்களுக்கு விதியே இருக்கிறது: மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது. விற்கும் எண்ணம் இருந்தால் அந்த அளவு விதியை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

கேள்வி: ஒருவழியாக முடித்துவிட்டேன் சார். வீட்டில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அடுத்து எந்த ஓவியத்தை நகல் எடுக்கட்டும்?

அடுத்தது நகல் வேண்டாம். பாராட்டு சூடு ஆறுவதற்குள், அதே ஆறு டியூபோடு, வீட்டில் உள்ள ஒருவரை இடதுபக்கம் ஜன்னல் இருக்கும்படி உட்காரவைத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, தோள்மேல் திரும்பிப் பார்க்கச் சொல்லி வரையுங்கள். ரொம்ப நேரம் அப்படி இருக்க முடியாது, கழுத்து வலிக்கும், நடுநடுவே எழுந்து நடக்க விடுங்கள். கண்டிப்பாக நகலைவிட மோசமாகத்தான் வரும். எங்கெங்கே கை நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே நிழல் தட்டையாகப் போனதா, காது முகத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதா, மூக்குக்கு மறுபடி பழுப்புக் கோடு விழுந்ததா. அதை நன்றாகச் செய்திருக்கும் ஓவியர் யார் என்று தேடுங்கள். தாடை நிழல்தான் தகராறு என்றால் வெலாஸ்கெஸ், பெயின்ட்டின் தடிப்புதான் என்றால் ரெம்ப்ராண்டின் முதிய வயதுத் தன்னுருவங்கள். அதில் அந்தப் பகுதியை மட்டும், முழு ஓவியத்தையும் எடுக்காமல், உள்ளங்கை அளவு கேன்வாஸில் நகல் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.